மூணு மணிக்கு எந்திரிக்கிறவன்

ஆனையூரில் இன்பசேகரன் வீட்டு மாடி அறையில் தினமும் மத்தியானம் மூணு மணிக்குச் சத்தம் கேட்கும். முதலில் லேசான உறுமல். மூச்சிரைக்கிற மாதிரி அது ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று அறுந்துவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. மறுபடி எழும்பும், மறுபடி அறும். நடுவில் விழுகிற அமைதி மட்டும் ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஓய்ந்துவிடும். பிறகு மறுநாள் மூணு மணிக்குத்தான்.

கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கும் பிலோமினாள் சத்தம் எழும்பியதும் எழுந்து உட்காருவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுப்பாள்.

"வந்துட்டான்" என்பாள். யாரிடமும் சொல்வதில்லை. தனக்குத்தானே.

வந்துவிட்டதாக அவள் சொன்னது அவளுடைய ஒரே மகன் ஜூடுவை. அவன் செத்துப்போய்ப் பத்து மாசம் ஆகியிருந்தது.

இன்பசேகரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிலோமினாள் அதே பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். ஜூடு படித்து முடித்து, சாஃப்ட்வேர் வேலைக்குப் போய், கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்திருந்தான். மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை அவனுக்கு ஆபீஸ் ஆனது. பங்குனி வெயிலில் அந்த அறை அடுப்புக்குள் இருப்பது மாதிரி இருக்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் அவன் கம்பெனியில், இனிமேல் எல்லாம் கிளவுடுக்குப் போகிறது, எல்லாம் கண்டெய்னரில்தான் ஓடும், கற்றுக்கொள்ளாதவர்களை வைத்துக்கொள்வது கஷ்டம் என்று பேச்சு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜூடு டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் அலைந்து, ஆபீஸ்களில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் பெட்டிகள் மூன்றை வாங்கிவிட்டான். ஒவ்வொன்றாக பைக்கில்தான் வீட்டுக்கு வந்தன. பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தவள் அவன் பெண்டாட்டி எஸ்தர். மூன்றையும் ஒரு இரும்பு ராக்கில் அடுக்கி, ஒயரால் ஒன்றோடொன்று இணைத்து, முன்னால் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். ஆபீஸ் வேலை முடிந்ததும், சாப்பாட்டு இடைவேளையிலும், அவன் பாடம் படித்தது அந்தப் பெட்டிகளிடம்தான்.

போன வருசம் தவக்காலம் தொடங்கின வாரம். மத்தியானம் புளிச்சாறும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டுவிட்டு மேலே போனான். நாலு மணிக்குக் காபி கொண்டுபோன பிலோமினாள்தான் முதலில் பார்த்தது. மேஜைமேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்துத் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியவள், ஏதோ தோன்றி மறுபடி போய்த் தோளைத் தொட்டாள். மாரடைப்பு என்றார்கள். முப்பத்தாறு வயசு. மிஷின்கள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் களேபரத்தில் யாருக்கும் அவற்றை நிறுத்தத் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், வீடு நிறையச் சனம் உட்கார்ந்திருக்கையில், மூணு மணிக்கு மாடியில் முதல் சத்தம் வந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி அப்போது கூடத்தில்தான் இருந்தாள். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அதற்கப்புறம் மூணு மணிக்கு மேல் அவள் தன் வீட்டு மாடியில் துணி எடுக்கப் போவதில்லை. தெருவில் பேச்சாகிவிட்டது. பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொன்னார்கள். அவரும் வந்து அறை முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். மிஷின்மேல் தண்ணீர் படாமல் இன்பசேகரன் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் மூணு மணிக்குச் சத்தம் வந்தது. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம் அது என்று பிலோமினாள் சொன்னாள். அதற்குமேல் யாரும் அவளோடு வாதாடவில்லை.

எஸ்தருக்குத் தெரியும், அது மிஷினுக்குள் இருக்கிற ஃபேன் சத்தம். ஏதோ ஒரு வேலையை மூணு மணிக்கு ஓடும்படி ஜூடு எழுதி வைத்திருக்கிறான், அது ஓடும்போது சூடேறி ஃபேன் வேகமெடுக்கிறது. முதல் வாரமே இதை மாமியாரிடம் சொன்னாள். பிலோமினாள் முழுதாகக் கேட்டுவிட்டு, "சரித்தா, அவன் எழுதுனதுதானே" என்றாள்.

எஸ்தர் அழவில்லை. அதைத்தான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த அவள் சொந்தங்கூட, கல்லு மாதிரி இருக்காளே என்றது. அவள் சோறு வடித்தாள், பாத்திரம் துலக்கினாள், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மாசம் கழித்து அண்ணன் ஜெர்சன் வந்து, வருசப் பூசை முடியட்டும், அதுவரைக்கும் மரியாதைக்கு இரு, அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்துரு என்றான். முப்பத்திரண்டு வயசு, பிள்ளை குட்டி இல்லை, பாதி ஆயுசு கிடக்கிறது என்றான். இன்பசேகரன் உள்ளேதான் இருந்தார். கேட்டும் கேட்காதவர் மாதிரி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

எஸ்தர், முதலில் எனக்கு ஒரு வேலை வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவளும் சாஃப்ட்வேர் படித்தவள்தான். கடைகளுக்குப் பில்லிங் புரோகிராம் எழுதும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஆறேழு வருசம் இருந்தாள். கொரோனாவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது வேலை தேடினால், போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. கண்டெய்னர் தெரியுமா, குபர்நெட்டிஸ் தெரியுமா. புருசனைக் கொன்றது அதுதான் என்று அவள் மனசுக்குள் இருந்தது. ஆனாலும் ஆடி மாசக் காற்றில் மாடிக் கதவு படபடவென்று அடித்துக்கொண்ட ஒருநாள், கதவைச் சாத்தப் போனவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொன்றது எப்படிப்பட்டது என்றாவது பார்ப்போம் என்றிருந்தது.

ஜூடுவோடு வேலை பார்த்த மலையாண்டிக்குப் போன் போட்டாள். அவனுக்குச் சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஊர். மூன்று தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன். தினமும் ஒரு மணி நேரம் போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றான். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகக் கட்டின பொட்டலம்தான் கண்டெய்னர், எந்த மிஷினில் கொண்டுபோய் வைத்தாலும் அப்படியே ஓடும் என்பதுவரை அவளுக்குச் சுலபமாகப் புரிந்தது. நூறு பொட்டலம் இருந்தால் அதை யார் மேய்ப்பது என்று கேட்டாள்.

"எங்கப்பா கல்யாணச் சமையலுக்குப் போவாரு தங்கச்சி" என்றான் மலையாண்டி. "அடுப்படியில எப்பவும் நாலு பேரு நிக்கணும்னு சொல்லிட்டுச் சேரப் போட்டு உக்காந்துருவாரு. வெக்கையில ஒருத்தன் மயங்கி விழுந்தான்னு வைய்யி, அவன் யாரு எவன்னு பாக்க மாட்டாரு. அடுத்தவனக் கூப்புடுவாரு. நாலு பேரு நிக்கணும், அம்புட்டுத்தான். குபர்நெட்டிசும் அப்படித்தான்."

"விழுந்தவன் என்ன ஆவான்ணே?"

"அத இது கேக்காது தங்கச்சி" என்றான். ஜூடு பார்த்த வேலைக்கு அடுத்த மாசமே ஆள் போட்டுவிட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னான்.

ஐப்பசி, கார்த்திகை என்று மழை வந்து போனது. சிமெண்ட் ஷீட்டில் மழை கொட்டும்போது போனில் மலையாண்டி சொல்வது கேட்காது. குடையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று கேட்டுவிட்டு, மேலே போய்ச் செய்து பார்ப்பாள். தப்பாகச் செய்வாள். எழுதுகிற வரியில் இரண்டு இடைவெளி கூடிவிட்டால் முழுசும் முறுக்கிக்கொண்டு நிற்கும். திட்டிக்கொண்டே தேடுவாள். சமையலுக்கு நடுவில், கரண்டியைப் பிடித்தபடி, சட்டென்று தப்பு எங்கே என்று பிடிபட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். ஜூடு எழுதிவைத்த மூணு மணி வேலையை மட்டும் தொடவில்லை. மலையாண்டி அதைப் பார்ப்போமா என்று கேட்டபோதெல்லாம் இன்னொரு நாள் என்றாள்.

ஒருநாள் தானே எழுதின ஒரு சின்னப் புரோகிராமை நான்காக ஓடவிட்டு, அதில் ஒன்றை வேண்டுமென்றே கொன்றாள். கண் மூடித் திறப்பதற்குள் புதிதாக ஒன்று வந்து நான்காகி நின்றது. மறுபடி கொன்றாள். மறுபடி வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாசத்தில் முதல் சிரிப்பு. சிரித்த பிறகுதான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் இன்பசேகரன் நின்றிருந்தார். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கின தண்ணீர் கேன் கையில் இருந்தது.

எஸ்தர் எழுந்துவிட்டாள். அவர் உள்ளே வந்து மிஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவ நான் இதப் பிடுங்கிட்டேம்மா" என்றார். "அவன் போயி ஒரு மாசம் இருக்கும். ஒங்க அத்தை பூசைக்குப் போயிருந்தா. பிளக்கப் பிடுங்கிட்டு நின்னேன். அம்புட்டு அமைதி. என்னால நிக்க முடியல. திருப்பிச் சொருகிட்டேன். நான் ஒண்ணும் பண்ணல, எனக்கு என்ன தெரியும். அதது தானா எந்திரிச்சு, தானா வேலையப் பாக்க ஆரம்பிச்சிருச்சு." கேனைக் கீழே வைத்தார். "நீ படிம்மா. சிரிச்சா என்ன."

தை கடைசியில் ஆனையூர் பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினார்கள். காலையிலேயே போன கரண்ட்டுக்கு இன்வெர்ட்டர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. பிறகு கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மூணு மணி வந்தது. சத்தம் வரவில்லை.

பிலோமினாள் எழுந்து உட்கார்ந்தாள். காதைக் கொடுத்தாள். கரண்ட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எஸ்தர் கூப்பிட்டாள், இன்பசேகரன் கூப்பிட்டார். வரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட்ட கம்மங்கூழைக்கூட வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் கரண்ட் வந்து தெருவே ஓவென்று கத்தியது. மாடியில் மிஷின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறும் சத்தம். கொஞ்ச நேரத்தில், மூணு மணிக்கு ஓடாமல் விட்டுப்போன வேலையை அது தானே நினைவு வைத்து எடுத்தது. உறுமல் எழும்பியது. ஏறியது. அறுந்தது.

பிலோமினாள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "லேட்டானாலும் வந்துட்டான் பாத்தியா" என்று எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இத்தனை மாசத்தில் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அவன் மேல என்னதான்த்தா பண்றான்? நீ படிச்சிருக்கியே. பாத்துச் சொல்லேன்."

எஸ்தர் மேலே போனாள். கற்றுக்கொண்டதெல்லாம் இருந்தது. ஜூடுவின் வேலையை எடுத்து, அது என்ன சொல்லிவிட்டுச் சாகிறது என்று பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. திரையில் இருந்தது. கொல்லப்பட்டது என்று அர்த்தமுள்ள இங்கிலீஷ் சொல், அடுத்தடுத்த வரியில், மறுபடி மறுபடி. அவன் போனில் எடுக்கிற படங்கள் அந்த மிஷினில் வந்து சேரும். அவற்றை எடுத்துச் சின்னதாக்கி ஒரு பக்கத்தில் வரிசையாக அடுக்குவதுதான் அந்தப் புரோகிராம். அதற்கு நினைவகத்தில் ஜூடு ஒதுக்கிக் கொடுத்த இடம் பத்தவில்லை. எழுந்து வேலையைத் தொடங்கும், இடம் நிறைந்துவிடும், மேய்க்கிற குபர்நெட்டிஸ் அதைக் கொன்றுவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுப்பும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடப் பொறுக்கும். சில தடவை பார்த்துவிட்டு, இன்றைக்குப் போதும் என்று விட்டுவிடும். நாளைக்கு மூணு மணிக்கு மறுபடி முதலிலிருந்து.

அந்த இடத்தின் அளவைச் சொல்லும் ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. இவ்வளவு நாள் வேலை செய்தவனுக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கிறது.

கீழே வந்து மாமியார் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. உள்ளதை, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். எழுந்திருக்கப் பார்க்கிறது அத்தே, முடியாமல் விழுந்துவிடுகிறது, திரும்ப எழுந்திருக்கப் பார்க்கிறது, அந்தச் சத்தம்தான் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது. பிலோமினாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"தெனமுமா?"

"ம்."

"ஒரு வருசமா எம்புள்ள விழுந்து விழுந்தா எந்திரிக்கிறான்? நான் கீழ உக்காந்து, வந்துட்டான் வந்துட்டான்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

இன்பசேகரன் வந்து, அது மிஷின்டி, அவன் இல்லை என்றார். பிலோமினாள் அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"நிறுத்திரவா அத்தே?" என்றாள் எஸ்தர்.

"நிறுத்தாத." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எந்திரிக்க வச்சிரு."

மறுநாள் மூணு மணிக்கு முன்பே மூவரும் மாடி அறையில் இருந்தார்கள். மூட்டு வலிக்காரி பிலோமினாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தாள். மகனைப் பிணமாகப் பார்த்த பிறகு அவள் அந்த அறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. எஸ்தர் எண்ணை மாற்றினாள். உறுமல் எழும்பியது. ஏறியது. வழக்கமாக அறுகிற இடம் வந்தபோது பிலோமினாள் கண்ணை மூடிக்கொண்டாள். அறவில்லை. அதே உச்சத்தில் நின்று, மெதுவாக, மெதுவாக இறங்கி அடங்கியது.

திரையில் படங்கள் வந்திருந்தன. சோதித்துப் பார்ப்பதற்காக அவன் மாடியில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்திருந்தான். தண்ணீர்த் தொட்டி, செல்லக்கிளி வீட்டு ஆடு, கொடியில் காயும் வேட்டி, கூழ் வத்தல் பிழிந்துகொண்டு வெயிலுக்கு முகத்தைச் சுளித்திருக்கும் பிலோமினாள். பனியனோடு பேப்பர் படிக்கும் இன்பசேகரன். வாயைத் திறந்து தூங்கும் எஸ்தர். பிலோமினாள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினாள்.

"அவன் எங்கத்தா?"

"எடுத்ததே அவருதானே அத்தே. அவரு இதுல இல்ல."

பிலோமினாள் தலையாட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வத்தலுக்கு இந்த வருசம் இன்னும் அரிசி ஊறப்போடவில்லை என்று சொல்லிவிட்டு, புருசனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாசியில் வருசப் பூசை நடந்தது. அண்ணன் காரோடு வந்தான். எஸ்தர் அவனோடு திருப்பரங்குன்றம் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு ஆனையூருக்கே திரும்பினாள். சித்திரையில் வேலையும் கிடைத்தது. ஒரு கம்பெனியில் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களை மேய்க்கும் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்த அண்ணனிடம், கொஞ்சம் பொறு என்றாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதெல்லாம் பின்னால்.

எண்ணை மாற்றினதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பிலோமினாள் மூணு மணிக்கு எழுந்திருக்கவில்லை. கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். எஸ்தர் மாடியில் தனியாக இருந்தாள். உறுமல் எழும்பியது, ஏறியது, இறங்கி அடங்கியது. அவள் அடுத்த உறுமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வராது என்று அவளுக்குத் தெரியாதா, அவள்தானே சரி செய்தாள். இருந்தும் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தன்னுடைய சத்தம்தான் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை.

பிலோமினாள் முழித்துக்கொண்டு எப்படித்தான் ஏறினாளோ. தரையில் கிடந்தவளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குச் சாப்புடும்போது கேட்டாரு அத்தே" என்று எஸ்தர் சொன்னாள். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "எங்க தப்புன்னு தெரியல, ஒரு வாட்டி மேல வந்து பாரேன்னு கேட்டாரு. சாயங்காலம் வாரேன்னு சொன்னேன்."

பிலோமினாள் அவள் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

அழுகை தெருவரைக்கும் கேட்டது. செல்லக்கிளி மாவுக் கையோடு ஓடி வந்தாள். வாசலில் இன்பசேகரன் நின்றிருந்தார். சட்டை போடவில்லை, துண்டுகூடத் தோளில் இல்லை. என்னாச்சு சார், எஸ்தருக்கு என்ன என்று கேட்டாள். அவர் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மகன் எறந்து போயிட்டாம்மா" என்றார்.

செல்லக்கிளி அவர் முகத்தைப் பார்த்தாள். மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வந்தாள்.